உங்களுக்குத் தெரியுமா? கோன் நூலும் கடற்கரைத் தூண்டிலும்

அவிநாசி வட்டார நிட்டிங் கூடங்களில் கோன் அசையாமல் நிற்க, நூல் மட்டும் அதன் நுனி வழியே சுருள் சுருளாகக் கழன்று, பீங்கான் கண்களுக்குள் புகுந்து ஊசிக்குப் போகிறது. கடற்கரையிலிருந்து வீசும் தூண்டிலின் ஸ்பின்னிங் ரீலும் இதே முறைதான். 1905இல் அத்தகைய ரீலுக்குக் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்போர்டு நகர ஜவுளி ஆலைக்காரர் என்பதில் வியப்பில்லை.

ரீலை விட்டுக் கிளம்பும் தங்கூசி (தூண்டில் இழை) அகலமாகச் சுழலும். ஆகவே தூண்டில் கோலின் முதல் வளையம் பெரிதாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். அதை ரீலுக்கு மிக அருகில் கட்டினால் சுருள் வளையத்தில் அறைந்து வீச்சுத் தூரம் குறையும். அடுத்த வளையங்கள் படிப்படியாகச் சிறுத்துச் சுருளை அடக்கும். ரீலின் அச்சுக்கோட்டை நீட்டினால் அது கோலைத் தொடும் இடத்தையொட்டி, நுனிவரை ஒரே அளவான சிறு வளையங்கள் தொடங்கும்.

தங்கூசி சுற்றிய ஸ்பூலே சுழலும் மல்டிபிளையர் ரீலில் இந்தச் சுருள் இல்லை. சிறு வளையங்களே போதும். ஆனால் அவை கோலின் மேற்புறம் அமைவதால் எண்ணிக்கை கூட வேண்டும். இல்லையேல் கோல் வளையும்போது தங்கூசி அதன்மேலேயே உரசும்.

எந்தக் கணக்கையும்விட நம்பகமானது நேரடிச் சோதனை. வளையங்களை டேப்பால் ஒட்டி, தங்கூசி கோத்து, நுனியில் எடை கட்டி வளைத்துப் பார்ப்பார்கள். தங்கூசி கோலின் வளைவைவிட்டு விலகும் இடத்தில் வளையங்களை நெருக்குவார்கள். நூல் சுற்றி எபாக்சி பூசுவது அதன் பிறகே. காய்ந்துவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.