இரயில் தடைப்பட்டால் காரில் போகலாமா?

ஆயுத பூஜை வந்துவிட்டால் எங்கள் முதலிபாளையத்தில் எந்திரங்களுக்கு ஓய்வு. ஓவர்லாக், பேட்லாக் எந்திரங்களை எல்லாம் துடைத்துத் திருநீறும் சந்தனமும் இட்டு, பொரி கடலை வழங்கி முடித்தவுடன், மூட்டை முடிச்சுகளோடு திருப்பூர் இரயில் நிலையத்தை நோக்கிப் புறப்படும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! 2024ஆம் ஆண்டில் பூஜை அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. மறுநாள் விஜயதசமி; அதற்கடுத்து ஞாயிறு. மூன்று நாள்கள் சேர்ந்தாற்போல் விடுமுறை.

அந்த வெள்ளி இரவு எட்டரை மணியளவில் திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில் ஒரு விபத்து நிகழ்ந்தது. மைசூரிலிருந்து தர்பங்கா செல்லும் பாக்மதி எக்ஸ்பிரஸ், நேர்ப்பாதையில் நிற்காமல் கடந்து செல்லச் சைகை பெற்றிருந்தும், லூப் லைன் என்னும் பக்கப்பாதையில் நுழைந்து, அங்கு நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது சுமார் 75 கி.மீ. வேகத்தில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டு பாதைகளை அடைத்துக்கொண்டன. பலர் காயமுற்றாலும் உயிரிழப்பு நேரவில்லை என்பது பெரிய ஆறுதல்.

நானூறு கி.மீ.க்கு அப்பால் நடந்த இவ்விபத்துக்கும் எங்கள் ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். என் மாமாவின் பவர் டேபிள் யூனிட்டில் தைக்கும் ஒடிசாக்காரர் ஒருவர் எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கிறார். தசராவுக்கு ராயகடா பக்கத்திலுள்ள தம் ஊருக்குச் செல்லச் சனிக்கிழமை மாலை வண்டிக்கு முன்பதிவு செய்திருந்தார். அப்போது 120 நாள்களுக்கு முன்பே பதியலாம் (2024 நவம்பர் 1 முதல் இது 60 நாள்களாகிவிட்டது). ஜூன் மாதத்திலேயே வாங்கிய பயணச்சீட்டு அது! ஊரில் தாய்க்கு உடல்நலம் வேறு சரியில்லை. சனிக்கிழமை காலையில் கைப்பேசியைக் காட்டிக்கொண்டு, "அண்ணா, வண்டி வருமா?" என்று மாமாவிடம் வந்து நின்றார்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி, கூடூர் வழியாக ஆந்திரத்துக்குள் செல்லும் பாதையில்தான் கவரைப்பேட்டை இருக்கிறது. திருப்பூரிலிருந்து கிழக்கிந்தியாவுக்குச் செல்லும் வண்டிகளுக்கு அது வாசற்படி போன்றது. அந்த வாசல் அடைபட்டால் கொல்லைப்புற வழி ஒன்று உண்டு. அரக்கோணத்தில் வடக்கே திரும்பி, ரேணிகுண்டா சென்று, கூடூரில் பழைய பாதையைப் பிடித்துக்கொள்ளலாம். அன்று வண்டிகள் பலவும் அவ்வாறே திருப்பி விடப்பட்டன. ஆனால் ரேணிகுண்டாப் பாதைக்கென்று சொந்தமாக வண்டிகள் இருக்கின்றன அல்லவா? இரண்டு பாதைகளின் கூட்டத்தை ஒரே பாதை தாங்கும்போது எல்லா வண்டிகளும் மெதுவாகத்தான் நகர முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பயணிகளில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று நம் ஊரிலிருந்து புறப்படும் வண்டி பெரும்பாலும் நேற்றோ முன்தினமோ அங்கிருந்து புறப்பட்டு வந்த அதே பெட்டிகள்தாம். வர வேண்டியது வழியில் நின்றால் போக வேண்டியதும் நிற்கும். சாதாரண நாளில் வேறு பெட்டித் தொடரைத் தேடிப் பிடிக்கலாம்; பண்டிகைக் காலத்தில் இருப்பவற்றையெல்லாம் சிறப்பு வண்டிகளாக ஓடவிட்டிருப்பார்கள். ஆகவே, பாதை சீரான பின்னும் தாமதம் உடனே தீர்ந்துவிடுவதில்லை.

மாமா உடனே கார்ச் சாவியை எடுத்தார். "நெல்லூர் வரைக்கும் நானே கொண்டு போய் உட்டர்றேன் மாப்ள. அடைப்பைத் தாண்டிட்டா அங்கிருந்து எந்த வண்டியிலயாச்சும் ஏறிக்கட்டும்" என்றார். நல்ல மனம்தான்! நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நெல்லூருக்குச் சுமார் 600 கி.மீ.; குறைந்தது பத்து பதினொரு மணி நேரம். லிட்டருக்குப் பதினைந்து கி.மீ. என்றால் போகவர 80 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாயானால் எட்டாயிரம். சுங்கச் சாவடிக் கட்டணம் தனி. சரி, பணம் போகட்டும். ஏறும் நிலையத்தை முன்கூட்டியே நெல்லூர் என்று மாற்றிப் பதியாவிட்டால், திருப்பூரில் ஏறாதவரின் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். ஜூனில் வாங்கிய இடத்தை விட்டுவிட்டுப் பொதுப் பெட்டியில் ஆந்திரம் முழுவதும் நின்றுகொண்டு போவதா?

இவை எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்தியது மாமாவின் கண்கள். பூஜைக்கு முன் ஆர்டரை அனுப்பியாக வேண்டும் என்று இரண்டு இரவுகள் உறங்காதவர் அவர். பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடல் தானாகவே உறக்கத்தைத் தேடும் நேரம். இரயிலில் நாம் உறங்கலாம், ஓட்டுநர் விழித்திருப்பார். காரில் அந்த ஓட்டுநரே நாம்தாம்.

"அவரு வண்டி ரத்துன்னு இன்னும் அறிவிக்கலீங்க மாமா. ரத்தாச்சுன்னா முழுப் பணமும் திரும்ப வரும். மூணு மணி நேரத்துக்கு மேல தாமதமானாலும், வண்டி கெளம்பறதுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாப் பணம் வந்துருமுங்க. அதுவரைக்கும் பொறுத்துப் பாக்கலாமுங்க" என்றேன். அரை மனத்தோடு சாவியை மாட்டினார். ஒடிசாக்காரரின் முகத்தில் நம்பிக்கை இல்லை. அவர் தாயின் நிலையில் என் கணக்கு தவறிப் போனால் என்ன சொல்வேன் என்று அன்று பகல் முழுவதும் எனக்கும் அடித்துக்கொண்டது.

வண்டி ஐந்து மணி நேரம் தாமதமாக, நள்ளிரவுக்குப் பின் திருப்பூருக்கு வந்தது. மாமா காரை எடுத்தார்தான்; நிலையம் வரை மட்டும்!

இதில் ஒரு வேடிக்கை. மறுநாள் ஞாயிறன்று நாங்கள் திண்டுக்கல்லில் உள்ள அப்புச்சி வீட்டுக்குக் காரில்தான் சென்றோம். முந்தின நாள் காரை வேண்டாம் என்றவன் நான்தானே என்று மாமா கேலி செய்தார். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். இரயிலில் திண்டுக்கல் செல்ல முதலில் 50 கி.மீ. கிழக்கே ஈரோட்டுக்குப் போய், அங்கிருந்து கரூர் வழியாகத் தெற்கே இறங்க வேண்டும். ஏறத்தாழ 190 கி.மீ. காங்கேயம், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகச் சாலையிலோ சுமார் 120 கி.மீ.தான். பகல் நேரம், நன்றாக உறங்கி எழுந்த ஓட்டுநர், காரில் ஐந்து பேர். அங்கே இரயில் சுற்று. இங்கே சாலை நேர்.

தாராபுரத்தில் தேநீர் குடிக்க நின்றபோது மாமாவின் கைப்பேசி ஒலித்தது. "அண்ணா, ரேணிகுண்டா வந்தாச்சு. வண்டி நிக்குது, ஆனா சீட் இருக்கு" என்றார் அவர். "சாப்டியாப்பா?" என்று கேட்டார் மாமா.