எடைச் சீட்டு எங்கே?

மோட்டார் ரூமுக்குத் துடைக்கிற துணி வாங்க ஒரு வேஸ்ட் குடோனுக்குப் போயிருந்தேன். வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகிற வழி. மூட்டையைப் பிரித்துக் கொட்டியபோது ஒரு வெள்ளைச் சட்டையின் காலர் உட்புறம் கண்ணில் பட்டது. சிவப்பு நூலில் இரண்டு எழுத்து. பையன் பள்ளிக்கூடத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறான் என்று என் மனைவி கையால் தைத்த எழுத்து. மூன்று மாதம் முன்பு திருப்பூரில் ஒரு துணிக்கடை வாசலில் இருந்த பெட்டிக்குள் அந்தச் சட்டையை நான்தான் போட்டேன். பெட்டியின் மேல் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. கடையின் பெயரும் ஓர் அறக்கட்டளையின் பெயரும் ஜோடியாக அச்சாகியிருந்தன. போட்டுவிட்டுத் திரும்பினால் கையில் ஒரு தள்ளுபடிக் கூப்பனும் வந்தது.

குடோன்காரரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எத்தன கிலோ, என்ன வெலன்னு சீட்டு இருக்குதுங்க. யாரு குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்கங்கறது எங்க கணக்குல வராதுங்க" என்றார். எடைமேடைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். அந்தச் சட்டை கடந்து வந்த வழியில் காகிதம் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

சட்டை துடைக்கும் துணியானதில் எனக்கு வருத்தமில்லை. பழைய துணிக்கு அது நல்ல கதிதான். அந்தக் குழந்தையின் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுசுழற்சி என்ற சொல் விளம்பரத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் பக்கத்தில் அது பிழைப்பாக இருந்தது. திருப்பூரில் பனியன் வெட்டும் மேசையில் விழுகிற கட்டிங் வேஸ்ட், நூல் மில்களில் சீப்பு போட்டு ஒதுக்குகிற கோம்பர் கழிவு எல்லாம் மூட்டையாகி லாரியில் வரும். பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் பிரிப்பார்கள். கருநீலமும் கறுப்பும் டியூப்லைட்டில் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் அந்த வேலையைப் பகல் வெளிச்சத்தில்தான் வைத்துக்கொள்வார்கள். பொத்தான், ஜிப், எலாஸ்டிக் எல்லாவற்றையும் கையால் நீக்க வேண்டும். லைக்ரா கலந்த துணி என்றால் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். அரவையில் அது பஞ்சாகாமல் ரப்பராக இழுக்கும். பிரித்த துணியைக் கிழித்துப் பஞ்சாக்கினால் இழை குட்டையாகிவிடும். குட்டை இழையைச் சாதாரண ஸ்பின்னிங்கில் ஓட்ட முடியாது. அதற்குத்தான் ஓ.இ. மில். வேகமாகச் சுழலும் ரோட்டருக்குள் இழையை விட்டு நூலாக்குகிற முறை. தடிமனான நூல்தான் வரும். போர்வை, துண்டு, மிதியடி, தரை துடைக்கும் மாப்புக்கு அது போதும்.

இதில் வெளியே யாரும் பேசாத லாபம் ஒன்று உண்டு. சிவப்புத் துணியிலிருந்து வருவது சிவப்பு நூல். மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். சாயக்கழிவு ஆற்றில் விட்டது தொடர்பான வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கிக் கீழே உள்ள காடு கழனிகளைக் கெடுத்த கதை ஊரறிந்தது. வெட்டுத் துணியில் ஓடுகிற ஓ.இ. மில்களுக்கு அந்தச் சாயமே தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் வாசலில் எந்தக் குழந்தையும் சிரிக்கவில்லை.

ஃபேஷன் ஃபார் குட் என்ற அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவில் ஆண்டுக்குச் சேரும் துணிக்கழிவு சுமார் 78 லட்சம் டன். உலகத் துணிக்கழிவில் 8.5 சதவீதம். அதில் 42 சதவீதம் கடைக்குப் போகும் முன்பே ஆலையில் உருவாவது. நம் ஊருக்கு வருவது பெரும்பாலும் இந்த வகை. வீட்டிலிருந்து வரும் பழந்துணி வேறு சங்கதி. அழுக்கு, கலப்பு நூல், அச்சு என்று பிரிக்கும் கூலியே விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் இலவசமாகச் சேர்த்துத் தரும் பெட்டிகளுக்கு மதிப்பு வருகிறது. நீங்கள் பெட்டியில் போடுவது ஒருவருக்கு மூலப்பொருள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கம்பெனிகள் செய்யும் சமூகப் பணிக்குச் சட்டம் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டாலே, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுப்பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது அதே பிரிவு. ஆகவே வெள்ளகோவிலில் ஆலை வைத்திருக்கும் பெரிய கம்பெனியிடம் "எங்க ஊருக்கு என்ன செஞ்சீங்க" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எது சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்பது அதைவிட முக்கியம். கம்பெனி தன் வழக்கமான தொழிலாகச் செய்வது சேராது. தன் பொருளின் விளம்பரத்துக்காகத் தரும் ஸ்பான்சர் பணம் சேராது. வேறொரு சட்டப்படி செய்தே ஆக வேண்டியதைச் செய்வதும் சேராது. இந்தக் கடைசி விதியால் பல நாடகம் வெளுத்துவிடும். சோப்பு, பிஸ்கட், எண்ணெய் விற்கும் கம்பெனி தன் நெகிழி உறைகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது, நெகிழிக் கழிவு விதிகளும் 2022-இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதலும் அதன் மேல் சுமத்திய கடமை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விட்டு உறைகளைப் பொறுக்கவைத்து, தலைமையாசிரியர் கையில் கேடயம் கொடுத்துப் படம் எடுத்தால் கடமை தர்மமாகிவிடாது. வரி கட்டியதற்கு மாலை கேட்பதைப் போலத்தான் இதுவும்.

துணிக்கு அப்படிப்பட்ட கடமை இந்தியாவில் இன்னும் வரவில்லை. பிரான்சில் துணி விற்பவரே கழிவுக்கும் பொறுப்பு என்று 2007-லேயே சட்டம் போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பழந்துணியைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்பது 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். திருப்பூர் சரக்கை வாங்கும் நாடுகள் அவை. அங்கே விதி இறுகினால் இங்கே பையர் வாயில் ரீசைக்கிள்டு என்ற சொல் வரும். வந்துவிட்டது.

அதனால் அந்தச் சொல்லை எப்படி எடைபோடுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றுமதியில் அதிகம் புழங்குவது ஜி.ஆர்.எஸ். என்ற உலகளாவிய மறுசுழற்சித் தரச்சான்று. அந்த முத்திரையோடு கடையில் தொங்கும் துணியில் குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். ஆர்.சி.எஸ். என்று இன்னொரு சான்று இருக்கிறது. அதற்கு 5 சதவீதம் போதும். அட்டையில் இரண்டும் பச்சையாகத்தான் இருக்கும். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. மில்காரருக்குத் தெரியும்: ஒவ்வொரு லோடுக்கும் பரிவர்த்தனைச் சான்றிதழ் வேண்டும், ஆடிட் செலவு அவர் தலையில், பெயர் மட்டும் பிராண்டுக்கு. ஆர்டர் பேசும்போதே இந்தச் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் இழுத்தடித்தால், உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளைக்குள் தர வேண்டும் என்பது சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி கேட்டு வசதியாக்கக் குழுவிடம் போகலாம். பசுமைக் கூட்டாளி என்று மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டு ஆறு மாதம் பில்லை நிறுத்திவைக்கும் வழக்கத்துக்கு இதுதான் மருந்து.

நுகர்வோராக நமக்குள்ள பிடிமானம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல். சுற்றுச்சூழலுக்கு உகந்தது, பசுமையானது என்று மொட்டையாக எழுதக் கூடாது. எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும், எந்தப் பகுதிக்கு அது பொருந்தும் என்று சொல்ல வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும் மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போட முடியும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைத் தமிழிலேயே அழைக்கலாம். பலருக்குத் தெரியாத வழி, மாவட்ட ஆட்சியர். தவறான விளம்பரம் குறித்த புகாரை அவரிடமே எழுத்தில் கொடுக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பட்டாவுக்காகப் போகிறவர்கள் இதற்கும் போகலாம். பணம் கொடுத்து வாங்கிய பொருளில் ஏமாந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

என் கதையில் நான் செய்த தப்பு, பெட்டியைப் படம் எடுக்கவில்லை. கூப்பனையும் அன்றைக்கே செலவழித்துவிட்டேன். சிரிக்கும் குழந்தைக்கும் வேஸ்ட் குடோனுக்கும் நடுவில் என் கையில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கூப்பன்தான். கூப்பன் கொடுத்தால் அந்தப் பெட்டி தர்மப்பெட்டி மட்டுமல்ல, வியாபாரக் கருவியும்தான் என்று காட்ட அது உதவியிருக்கும்.

அறக்கட்டளையைச் சோதிப்பது கஷ்டமில்லை. கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணத்தை வாங்கிச் செலவிடும் அமைப்புக்கு 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்-1 பதிவு எண் கட்டாயம். எண்ணைக் கேளுங்கள். எந்தக் கம்பெனி எந்த மாநிலத்தில் என்ன வேலைக்கு எவ்வளவு செலவிட்டது என்பதை மத்திய அரசின் தேசிய சி.எஸ்.ஆர். தளத்தில் யாரும் பார்க்கலாம். வரிவிலக்கு ரசீது தருகிறோம் என்று துணிமூட்டை கேட்டு வந்தால் உஷாராக இருங்கள். 80ஜி என்று பழகிவிட்ட வரிச்சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்குத்தான், பொருளுக்குக் கிடையாது. ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது.

நல்லபடி நடப்பதும் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாக வந்த பழந்துணி சாலையோரம் சீரழிந்து கிடந்தது. மீனவக் குடும்பங்கள் கிழிசலைத் தொடவில்லை, தொட வேண்டியதும் இல்லை. அந்தக் குவியலை அள்ளிப் பிரித்து, உடுத்தக் கூடியதை ஒதுக்கி, மிச்சத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றியது அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு. கொடுப்பவரின் மனத்திருப்தியைவிட வாங்குபவரின் மானம் பெரிது என்பதை அன்று சாலையில் கிடந்த துணியே சொல்லிவிட்டது. இன்னொன்று, பெட்ரோல் பங்க் ஊழியர்களுக்காக இந்தியன் ஆயில் 2023 பிப்ரவரியில் அறிவித்த சீருடை. ஒரு செட்டுக்கு சுமார் 28 பழைய பெட் பாட்டில் என்று கணக்குச் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது அந்த 28. எண்ணிப் பார்க்க முடிகிற எண். திருப்பூரில் வெற்றி அமைப்பு 2015-இல் தொடங்கிய வனத்துக்குள் திருப்பூர் திட்டத்துக்குப் பனியன் கம்பெனிகள் பணம் தருகின்றன. கன்று விவசாயியின் நிலத்தில் நிற்கிறது. சந்தேகமிருந்தால் தோட்டத்துக்குப் போய் எண்ணிக்கொள்ளலாம்.

பேனரில் வராத இன்னொரு கணக்கு, வேலை செய்கிறவர்களின் நெஞ்சு. அரவை மெஷின் ஓடும் அறையில் சூரிய வெளிச்சம் விழும் இடத்தில் நின்று பாருங்கள். பஞ்சுத் தூசி மூடுபனி மாதிரி தொங்கும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுவது, மாலையில் இருமல், இவை பஞ்சு நுரையீரல் நோயின் முதல் அடையாளம். பைசினோசிஸ் என்பார்கள். தொழில்சார் நோய்களின் சட்டப் பட்டியலில் இது இருக்கிறது. இழப்பீடு கேட்க உரிமை உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவரை இ.எஸ்.ஐ.யில் சேர்ப்பது, பத்துப் பேர் வேலை செய்யும் ஆலையில் முதலாளியின் கடமை. "ஆஸ்துமாங்க, எங்க அப்பாருக்கும் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்கிப் போகும் அக்காக்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆலையில், எந்த மெஷினில், எத்தனை வருடம் என்பதை டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதவையுங்கள். பின்னால் அந்த வரிதான் பேசும். குடோன் தீயும் பேனரில் வராத கணக்குதான். பஞ்சு மூட்டைக்குள் புகைந்த பொறி விடிகாலையில்தான் வெளியே தெரியும். சாலையோரத்தில் வெட்டுத் துணியை எரிப்பவர்களைப் பார்த்தால் நகராட்சிக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் படத்தோடு எழுதுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100. எழுதியதற்கு என்ன நடவடிக்கை என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தனியார் அறக்கட்டளையிடம் இந்தச் சட்டம் பெரும்பாலும் செல்லாது, அரசு அலுவலகத்திடம் செல்லும்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு இளைஞர் வந்தார். புதுப் பெட்டி, புது அறக்கட்டளை, அதே மாதிரி படம். "தம்பி, போன தடவ சேந்தது எத்தன கிலோ, எங்க போச்சு, எடைச் சீட்டு இருக்குதா?" என்று கேட்டேன். திகைத்தார். ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று எண்ணை வாங்கிக்கொண்டு போனார். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. காங்கேயம் எடைமேடைச் சீட்டு, கீழே கையெழுத்தில் ஒரு கணக்கு: உடுத்தக் கூடியது இவ்வளவு, விடுதிக்குப் போனது, அரவைக்கு இவ்வளவு, விற்ற பணம் இன்ன கணக்கில். உடுத்தக் கூடியது மூட்டையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பீரோவிலிருந்த இரண்டு பழைய வேட்டியை எடுத்துப் போட்டேன். பெட்டியின் மேலிருந்த படத்தை மாற்றச் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம்.