எருது கூறும் பாடம்

குற்றால அருவிநீர் சிற்றாறாக ஓடி வளம் சேர்க்கும் தென்காசி வயல்களில், ஏர் உழும் எருதைக் கண்டிருக்கிறீர்களா? காயடிக்காத காளைக்குத் திமில் பெரிது, கழுத்து பருமன், சினமும் மிகுதி. எருதுக்கோ திமில் சிறிது, குணம் சாது. விரை செயலிழந்தால் திமில் ஏன் சிறுக்க வேண்டும்?

இக்கேள்விக்கு விடை சேவலிடம் கிடைத்தது. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு என்ற அறிஞர் இளஞ்சேவல்களின் விரைகளை அகற்றினார். அவற்றின் கொண்டை வளரவில்லை, கூவவில்லை, சண்டையிடவுமில்லை. வேறு சில சேவல்களுக்கு விரையை வயிற்றினுள் பொருத்தினார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்தும் அவை இயல்பாக வளர்ந்தன! அப்படியானால், விரையில் சுரக்கும் ஒரு பொருள் இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கிறது என்றுதானே பொருள்? 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் அப்பொருள் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன்.

பருவ வயதில் பையன்களின் குரல் உடைவதும் மீசை அரும்புவதும் இதன் வேலையே. பின்னரும் தசை, எலும்பு, இரத்தச் சிவப்பணு, மனநிலை, பாலுணர்வு ஆகியவற்றை இது பேணுகிறது. இது மிகவும் குறைந்தால் ஓயாத சோர்வு, தசை நலிவு, மனத்தளர்ச்சி, பாலுணர்வுக் குறைவு ஆகியவை தோன்றலாம். நாளடைவில் எலும்பு மெலிந்து எளிதில் முறியலாம். "சோம்பேறி" என்று ஏசப்படுபவர் உண்மையில் நோயாளியாகவும் இருக்கக்கூடும்!

காரணங்கள் பல: விரையில் அடி, அதைத் தாக்கும் பொன்னுக்கு வீங்கி, பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி, உடற்பருமன், நீரிழிவு. ஆனால் சோர்வு வேறு நோய்களாலும் வரும். ஆகவே இரத்தச் சோதனை தேவை. காலையில் இந்த ஹார்மோன் மிகுந்திருப்பதால் அப்போதே இரத்தம் எடுப்பர். குறைவாக இருந்தால் மற்றொரு நாளும் சோதித்து உறுதி செய்வர்.

குறையில்லாதவர் தசை பெருக்க இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? குளம் நிறைந்ததும் கால்வாய் மதகை அடைப்பார்கள் அல்லவா? அதுபோல், இரத்தத்தில் ஹார்மோன் மிகுந்ததும் பிட்யூட்டரி தன் ஆணையை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தியும் குன்றும்.

சாரல் காலக் கூட்டத்திலோ திருவிழாவிலோ, "இழந்த வலிமையை மீட்போம்" எனக் கூவி விற்கும் மருந்தை நம்பலாகாது. பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. இது வெட்கப்பட வேண்டிய குறையன்று. அளந்தறிந்து மருத்துவம் செய்யக்கூடிய குறை. நாட வேண்டியவர் மருத்துவரே.