வயல்காட்டுக்காரனுக்கும் வெயில் சத்துப் பஞ்சமா?

நாலு மாதமாக விட்டு விட்டு வயிற்றுப்போக்கு. டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு வைட்டமின் டி, மில்லிக்கு 14 நானோகிராம்தான். 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. "பேங்க் ஏசியை விட்டு வெயிலுக்கு வந்தும் இப்படியாங்க?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிரித்தார்.

நாம வயலில் நிற்பது விடியலிலும் சாயங்காலமும். அதுவும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. தோலில் இந்தச் சத்தை உண்டாக்கும் புற ஊதா பி கதிரோ உச்சிப் பொழுதை ஒட்டித்தான் மிகுதி. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரம்.

அடுத்தது குடல். இது கொழுப்பில் கரையும் சத்து. குடல் கொழுப்பை உறிஞ்சாவிட்டால், சாப்பாட்டில் வரும் வைட்டமின் டியும் மலத்தோடு போய்விடும். குரோன் நோய், சீலியாக் நோய் உள்ளவர்களிடம் இந்தக் குறைபாடு அதிகம் தெரிவதற்கு இது ஒரு காரணம். இதில் மறுபக்கமும் உண்டு. குடல் சுவரின் செல்கள் இடைவெளி விடாமல் ஒட்டி நிற்க வைட்டமின் டி துணை செய்கிறது. அது குறைந்தால், கேழ்வரகுக் களி எவ்வளவு தின்றாலும் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடம்பில் சரியாக ஏறாது.

மாத்திரை டாக்டர் சொன்ன அளவுதான்; மிஞ்சினால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சிப்பிக்காளான் போடுகிறவர்களுக்கு ஒன்று. பறித்த காளானை, மடிப்புப் பக்கம் மேலே தெரிய, உச்சிவெயிலில் அரை மணி நேரம் பரப்புங்கள். அதிலுள்ள எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2 ஆக மாறும். பிறகு நல்லெண்ணெயில் வதக்குங்கள். எண்ணெய் இருந்தால்தான் குடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும்.