வண்ணங்களில் மலரும் மன்னிப்பு

மன்னிப்பு என்பது கண்ணுக்குப் புலனாகாத பண்பு. அதனை வரைய முனையும் ஓவியர்க்குக் குறியீடே துணை. பொறுமைக்கு நிலத்தை உவமை காட்டிய வள்ளுவர் நெறியும் இதுவேயன்றோ!

சிவகாசி அச்சகங்களின் நாள்காட்டிகளில், ஆட்டைத் தோளில் சுமந்த மேய்ப்பராக இயேசுபிரானைக் காண்கிறோம். உரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் 3ஆம் நூற்றாண்டிலேயே தீட்டப்பெற்ற குறியீடு இது. வழிதவறிய ஆடு மனிதன். தோள், அவனை ஒறுக்காது சுமக்கும் இறையருள்.

காணாமற்போன ஆட்டைப் பற்றிக் கூறும் லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரமே ஊதாரி மைந்தன் கதையையும் உரைக்கிறது. 1669இல் மறைந்த டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், தம் இறுதி ஆண்டுகளில் அக்கதையைத் தீட்டினார். மண்டியிட்ட மகனின் தேய்ந்த செருப்பு அவன் பட்ட பாட்டைச் சொல்லும். அவன்மேல் படிந்த தந்தையின் கைகள் மன்னிப்பைச் சொல்லும். உத்தரப் பிரதேசத்து ஆசம்கரில் 1923இல் பிறந்த ஃபிராங்க் வெஸ்லி, அத்தழுவலை இந்தியச் சாயலில் வரைந்தார். காந்தியடிகளின் அஸ்திக் கலசத்தை 1948இல் வடிவமைத்தவரும் இவரே.

இவ்வோவியங்களில் குற்றப் பட்டியல் இல்லை, விசாரணையும் இல்லை. சுமக்கும் தோளும் அணைக்கும் கையுமே உண்டு. தவறியவர் திரும்பி வருங்கால் நம் வாயில் திறந்திருக்குமா? எச்சமயத்தவர் உள்ளத்திலும் இவ்வினாவை எழுப்புவதே இக்கலையின் பயனாகும்.