திரு.வி.க.வுக்கு எது மரியாதை?

தலைவர்களின் பிறந்தநாளில் ரத்ததானம், கண் சிகிச்சை முகாம், பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை அள்ளுதல் என்று தொண்டு செய்வது சென்னையில் வழக்கமாகிவிட்டது. ஆகஸ்ட் 26 திரு.வி.க. பிறந்தநாள். அடையாற்றுப் பாலத்துக்கு அவர் பெயர். அவருக்கும் மாலையோடு நிறுத்தாமல் தொண்டால் மரியாதை செய்யலாம். எந்தத் தொண்டு என்பதுதான் கேள்வி.

ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த திரு.வி.க., ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியராவதற்காக அந்த வேலையை விட்டவர். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் கூடிவந்த இடம் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. பக்திச் சொற்பொழிவு கேட்கத் திரண்ட அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். சாப்பாட்டு இடைவேளையை நீட்டக் கேட்டது அவர்களின் தொடக்ககாலக் கோரிக்கைகளில் ஒன்று. அன்றைய தொண்டு உரிமையில் போய் முடிந்தது.

இன்றைய தொண்டு அங்கே போகிறதா? ஒரு ஞாயிறு காலை மாணவர்கள் கையுறை மாட்டிக் கடற்கரையைச் சுத்தம் செய்கிறார்கள். அதே மணலைத் தினமும் கூட்டுகிறவரின் கூலி பற்றிப் பேச்சே எழுவதில்லை. மாணவர்களுக்குச் சமூகப் பொறுப்பு வரும் என்பார்கள், வரட்டும். ஆனால் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை இலவச உழைப்பால் நிரப்பிப் பழகிவிட்டால், கூலி கேட்பவர் குரல் எடுபடாது. 2025 ஆகஸ்டில் வேலைப் பாதுகாப்புக் கேட்டு மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களின் மண்டலங்களில் ஒன்றின் பெயர் திரு.வி.க. நகர். அவர் பெயரில் தொண்டு செய்ய நினைப்பவர்கள் இதை மறக்கலாகாது.

செய்ய வேண்டிய தொண்டு நிறைய இருக்கிறது. மயிலாப்பூர் வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்கு நலவாரியம் இருக்கிறது. பதிவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். தி.நகர் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே சட்டம் திருத்தப்பட்டது. அதை அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தரலாம்.

வரும் ஆகஸ்ட் 26 அன்று துடைப்பம் எடுக்கும் முன், உங்கள் தெருவைத் தினமும் கூட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். சம்பளம் ஒழுங்காக வருகிறதா, வார விடுப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், அதற்காக அவரோடு நில்லுங்கள். திரு.வி.க. செய்த தொண்டு அதுதான்.