டீயும் விசிலும் ஒரே நேரத்தில் வந்தால்?

பெருமாள்மலையில் கொடைக்கானல் பஸ் நிற்குது. டீ வாங்கிட்டு வரச் சொல்லி ஒரு பையனை அனுப்பிட்டு நீங்க காத்திருக்கீங்க. அவன் டீயோட வர்ற அதே நொடியில் கண்டக்டர் விசில். இப்போ டீயா, பஸ்ஸா?

பைத்தானின் அசிங்க்ஐஓ லைப்ரரியில் பல வருஷம் இருந்த பக் இதுதான். அதில் 'வெயிட்_ஃபார்' என்ற ஃபங்ஷன், ஒரு வேலையைத் தனி டாஸ்க்காக அனுப்பிவிட்டு, குறிப்பிட்ட நேரம் வரை காத்திருக்கும். வேலை முடிவதும் கேன்சல் வருவதும் ஒரே சமயத்தில் நடந்தால்?

முதலில் கேன்சல்தான் ஜெயித்தது, ரிசல்ட் தொலைந்தது. அது ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் என்றால், மூட ஆளில்லாமல் திறந்தே கிடக்கும். சரி, ரிசல்ட்டையே கொடுப்போம் என்று மாற்றினார்கள். இப்போ கேன்சல் காணாமல் போச்சு! 2020-ல் இது தனி பக்காகப் பதிவானது. நிறுத்தச் சொன்ன டாஸ்க் ஓடிக்கிட்டே இருந்தால், அதற்காகக் காத்திருக்கும் சர்வர் ஷட்டவுன் ஆகாமல் தொங்கும்.

2022-ல் வந்த 3.11 பதிப்பில் 'டைம்அவுட்' சேர்ந்தது. 2023-ல், 3.12-இல், வெயிட்_ஃபாரை அதன்மேல் புதிதாக எழுதினார்கள். இப்போ நடுவில் பையன் இல்லை. கடையில் நீங்களே நிற்கிறீங்க. விசில் நேராக உங்க காதில் விழும்.

ப்ராஜெக்ட்டில் அசிங்க்ஐஓ இருந்தால் இரண்டு விஷயம் பாருங்க. பைத்தான் 3.12 அல்லது அதற்கு மேலா? 'கேன்சல்டுஎரர்' வந்தால், திறந்ததை மூடிட்டு அதை மறுபடி ரெய்ஸ் பண்றீங்களா? அதை நம்ம கோடே முழுங்கினா, எந்த வெர்ஷனும் காப்பாத்தாது.